யார் இங்கே இல்லை?

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு உன் கடுகு எழுதுவது,

நான் சுகம். வந்த அன்று பிடித்த சளி தானாகவே போய்விட்டது. நீ கொடுத்தனுப்பிய தைலம் மூடி திறக்காமல் இருக்கிறது. உன் தொண்டை எப்படி? சாக்பீஸ் தூசிக்கு மூக்கில் துணி கட்டிக்கொள்கிறாயா, இல்லை நான் இல்லாத தைரியத்தில் விட்டுவிட்டாயா? அப்பாவின் முழங்கால் என்ன சொல்கிறது? பேருந்து ஓட்டுகிறவரிடம் கிளட்ச் மிதிக்காதே என்று சொல்ல முடியாது. ஒத்தடமாவது கொடு.

இங்கே விடுதி வாசலிலேயே கைபேசிகளை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கடிதம் எழுதலாம், அவ்வளவுதான். பக்கத்துக் கட்டில் பெண் இரண்டு நாள் அழுதாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பெரிய செய்திக்கு வருகிறேன். உயர்நிலைப் புள்ளியியல் வகுப்பில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்! இந்தப் பள்ளியில் இந்த வருஷம்தான் அதை ஆரம்பிக்கிறார்கள். பதினாறு பேர்தான். ஆனால் இடம் இன்னும் உறுதியில்லை. அக்டோபர் முடிவதற்குள் ஆளுக்கு ஒரு ஆய்வு செய்து கொடுக்க வேண்டும். மிஸ்ஸுக்கு அது சரியாகப் படவில்லை என்றால் சாதாரணக் கணக்கு வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள்.

மிஸ்ஸைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முதல் நாள் வந்ததும் "எனக்கு என்ன வயசு இருக்கும்? ஆளுக்கொண்ணு சொல்லுங்க" என்றார். இருபத்திரண்டு என்று ஒருத்தி, நாற்பத்தைந்து என்று ஒருத்தி. எல்லாவற்றையும் பலகையில் எழுதிச் சராசரி எடுத்தார். முப்பத்தொன்று வந்தது. அதுதான் அவர் வயதாம்! "தனித்தனியாப் பார்த்தா எல்லாரும் தப்பு. எல்லாரையும் சேர்த்தா சரி. இதுதான் நம்ம பாடம்" என்றார். மிஸ் வருகைப் பதிவு எடுப்பதும் வேறு மாதிரி. பெயர் கூப்பிட மாட்டார். வாசலில் நின்று "யார் இங்க இல்லை?" என்று கேட்பார். வராதவள் பெயரை யார் முதலில் சொல்கிறாளோ, அவள்தான் அன்றைய பாடத்தை எழுதி வராதவளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதனால் முதல் வாரம் யாரும் வாயைத் திறக்கவில்லை!

நம் வழக்கப்படி ஒரு கணக்கு அனுப்பு, அக்கா. அடுத்த கடிதத்தில் விடை.

முத்தங்களுடன்,
கடுகு


ஜூன் 28

அன்புள்ள கடுகுக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால், எனக்குத் தொண்டை. ஆளுக்கு ஒன்று என்று பங்கு போட்டுக்கொண்டோம். தைலத்தைத் திற. சளி போகும்போது சொல்லிக்கொண்டு போகும், வரும்போது சொல்லாது.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மிஸ் வரிக்கு வரி வருகிறாள். அக்கா ஆரம்பத்தில் ஒரு தடவை, கடைசியில் ஒரு தடவை, தபால்தலை மாதிரி. நல்லது. பாடம் ஆரம்பித்துப் பத்து நாளில் வயதைக்கூடச் சொல்லிவிட்டாள். முப்பத்தொன்றா? எனக்கும் அதே வயதுதான். அதைக் கண்டுபிடிக்கப் பதினாறு பேர் தேவைப்பட்டதில்லை. வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிடச் சோம்பல்பட்டு அதற்கு ஒரு தத்துவம் வேறு. என் டியூஷனில் நான் கண்ணை ஓட்டினாலே யார் வரவில்லை என்று தெரிந்துவிடும்.

உனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது யார், பின்னம் என்றால் தலைதெறிக்க ஓடிய உன்னைப் பிடித்து உட்கார வைத்தது யார் என்றெல்லாம் நான் கேட்கப்போவதில்லை. அந்தப் பள்ளிக்கு விண்ணப்பம் வாங்க இரண்டு பேருந்து மாறிப் போய் வரிசையில் நின்றவள் நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்கள், அதற்கு நானே உதாரணம்.

இந்தக் கடிதத்தை அப்பா எட்டிப் பார்த்துவிட்டு "அடுப்பே பத்த வைக்கல, எங்கடி புகையுது?" என்கிறார். அவருக்கு எல்லாமே வேடிக்கை.

கணக்கு: ஒரு தொட்டியை ஒரு குழாய் ஆறு மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று மூன்று மணி நேரத்தில். அடியில் இருக்கும் ஓட்டை நிறைந்த தொட்டியை நான்கு மணி நேரத்தில் காலி செய்துவிடும். மூன்றையும் திறந்துவிட்டால் எப்போது நிறையும்? உன் மிஸ்ஸிடம் கேட்காமல் போடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


ஜூலை 13

அன்புள்ள அக்கா,

சுகம். தைலத்தைத் திறந்துவிட்டேன், அறை முழுக்க நம் வீட்டு வாசனை. இப்போது பக்கத்துக் கட்டில் பெண்ணும் அதைக் கேட்டு வாங்கித் தடவிக்கொள்கிறாள். உன் தொண்டைக்கு வெந்நீர் குடிக்கிறாயா?

நான்கு மணி நேரம். மிஸ்ஸிடம் கேட்கவில்லை. சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது மனத்திலேயே போட்டுவிட்டேன்.

மிஸ்ஸை உனக்குப் பிடிக்கும், அக்கா. உன்னை மாதிரியேதான் சாக்பீஸைத் துண்டாக உடைத்துவிட்டு எழுதுவார். சத்தம் போடமாட்டார் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

இந்தத் தடவை நான் ஒரு கணக்கு தருகிறேன். ஒரு பெரிய பை நிறையப் பொத்தான்கள், கறுப்பும் வெள்ளையும் கலந்து. கண்ணை மூடிக்கொண்டு இருபது எடுத்தேன். எட்டு கறுப்பு. அப்படியானால் பைக்குள் கறுப்பு எத்தனை பங்கு?

அப்பாவுக்கு என் அன்பு. அடுப்பு இன்னும் புகைகிறதா என்று கேள்.

கடுகு


ஜூலை 27

கடுகுக்கு,

நலமாக இருக்கிறாய் என்று தெரிகிறது. உனக்கு அங்கே வேளாவேளைக்குச் சாப்பாடும் சத்தம் போடாத ஆளும் கிடைத்திருக்கும்போது உடம்புக்கு என்ன குறை? எனக்கு இருமல் கொஞ்சம் கூடியிருக்கிறது. சத்தம் போடுவதால் இருக்கும்.

உன் பொத்தான் கணக்கு: ஐந்தில் இரண்டு பங்கு. கேள்வியைப் படித்து முடிக்கும் முன்பே விடை வந்துவிட்டது. இதற்கா அத்தனை பேரில் பதினாறு பேரைப் பொறுக்கி எடுத்தார்கள்? என் ஆறாம் வகுப்புக் குட்டிகள் தூக்கத்தில் போடுவார்கள். மாடி அறைக்கு வெளியே பட்டறையில் இரும்பு அறுக்கிற சத்தத்தில்கூடப் போடுவார்கள். மிஸ்ஸிடம் சொல், வேண்டுமானால் இங்கே வந்து ஒரு நாள் பார்க்கட்டும்.

ஆய்வு என்று பயமுறுத்தினாயே, அது என்ன ஆயிற்று? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒருவேளை சாதாரணக் கணக்கு வகுப்புக்கே மாறினாலும் குடி முழுகிப்போகாது. அந்தப் பாடம் முழுக்க எனக்குத் தெரியும். வாரா வாரம் எழுதிக் கேட்கலாம், நான் சொல்லித்தருகிறேன். பழையபடி.

அக்கா


ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்கா,

இரண்டு ஞாயிறு எழுதவில்லை என்று கோபிக்காதே. காய்ச்சல் எல்லாம் இல்லை, கல் மாதிரி இருக்கிறேன். உன் கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை. இருமலுக்கு டாக்டரிடம் போனாயா?

உன் விடை தப்பு, அக்கா.

இதை எழுதும்போது கை நடுங்கியது. உன் விடை தப்பு என்று நான் இதுவரை எழுதியதே இல்லை. இருபது பொத்தானில் எட்டு கறுப்பு என்றால் பைக்குள் சரியாக ஐந்தில் இரண்டு இருக்கும் என்று சொல்ல முடியாது. மறுபடி இருபது எடுத்தால் ஆறு வரலாம், பதினொன்றும் வரலாம். அதனால் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கும் ஐந்தில் மூன்றுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கும் என்றுதான் சொல்லலாம். அதுவும் பெரும்பாலும். அதுதான் விடை. நானும் முதலில் உன்னைப் போலத்தான் சொன்னேன்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று வகுப்பில் சொன்னேன், நீ அடிக்கடி சொல்வாயே. மிஸ் சிரித்துவிட்டு "பானையைக் கிளறிவிட்டு எடுத்தியா, மேலாப்புல எடுத்தியா?" என்று கேட்டார். அன்றைக்கு முழுவதும் அதையே யோசித்தேன்.

என் ஆய்வைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். ஒருத்தி சாப்பாட்டு வரிசை நீளத்தை அளக்கிறாள், ஒருத்தி எல்லோருடைய செருப்பளவையும் எழுதுகிறாள். நான் எடுத்திருப்பது: டியூஷன் மதிப்பெண்ணை உயர்த்துகிறதா? இதற்கு உன்னைவிட்டால் எனக்கு யார்? கடந்த ஐந்து வருஷத்தில் உன்னிடம் படித்தவர்கள் சேர்ந்தபோது வாங்கிய மதிப்பெண், கடைசியில் வாங்கிய மதிப்பெண், இரண்டையும் எழுதி அனுப்புவாயா? பெயர் வேண்டாம், நீ வைத்திருக்கிற பட்டப்பெயர்கள் போதும். இந்த இடம் எனக்கு வேண்டும், அக்கா. ரொம்ப வேண்டும்.

உன் கடுகு


ஆகஸ்ட் 31

அன்புள்ள கடுகுக்கு,

டாக்டரிடம் போனேன். பேசாமல் இருங்கள் என்றார். ஊமையாக எப்படிக் கணக்கு சொல்லித்தருவது என்று கேட்டேன், அதற்கு அவரிடம் மருந்து இல்லை. மற்றபடி சுகமே. உன் கல் போன்ற உடம்புக்குத் திருஷ்டி படாமல் இருக்கட்டும்.

தப்பு என்று எழுதக் கை நடுங்கியதா? எழுத்தில் தெரியவில்லை, முத்து முத்தாக இருந்தது. நான் ஒன்று சொல்கிறேன், உன் மிஸ்ஸிடமும் சொல். கேள்வி ஒன்று என்றால் விடை ஒன்று. இங்கே இருக்கலாம், அங்கேயும் இருக்கலாம் என்று கையைக் காட்டுவது வழி தெரியாதவன் செய்கிற வேலை. அதற்கு ஒரு பாடம், அதற்கு ஒரு மிஸ்.

போகட்டும். நீ கேட்டது இதோடு இருக்கிறது. இருபத்தாறு பேர். சேர்ந்தபோது, முடித்தபோது, இரண்டும் தெளிவாக எழுதியிருக்கிறேன். நானே கூட்டிப் பார்த்துவிட்டேன், சராசரி பத்தொன்பது மதிப்பெண் ஏறியிருக்கிறது. நெட்டை நாற்பத்தொன்றில் இருந்து எண்பதுக்குப் போனதைப் பார். தூங்குமூஞ்சிகூடப் பன்னிரண்டு ஏற்றியிருக்கிறான். பத்தொன்பது. ஒரே ஒரு எண். இதை உன் மிஸ் முன்னால் வை, அவள் என்ன சொல்கிறாள் என்று பார்ப்போம். எந்த டியூஷன், யார் நடத்துவது என்று கேட்டிருப்பாளே? என்ன சொன்னாய்?

அக்கா

பின்குறிப்பு, அப்பா எழுதுவது: கண்ணு, நல்லா இருக்கியா? உங்க அக்கா ஒரு வாரமா பொத்தான் டப்பாவைத் தரையில கொட்டி, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு இருபது இருபதா எடுத்து எழுதிக்கிட்டு இருக்கா. என் யூனிஃபார்ம் சட்டையிலகூட ரெண்டு பொத்தான் இல்லை. பழைய புத்தகக் கடையிலேருந்து செங்கல் கனத்துல ஒரு புத்தகம் வேற வந்திருக்கு. என்னன்னு கேட்டா கதைப் புத்தகம்கிறா. கதைப் புத்தகத்துல ஏம்மா இத்தனை கட்டம்? நான் சொன்னேன்னு சொல்லாதே.


செப்டம்பர் 14

அன்புள்ள அக்கா,

நலம்தானே? பேசாமல் இருக்க முடியாவிட்டால் மெதுவாகவாவது பேசு. மிஸ்ஸின் தொண்டையும் கட்டியிருக்கிறது, சாக்பீஸ் யாரையும் விடுவதில்லை போலிருக்கிறது.

பட்டியல் கிடைத்தது. ரொம்ப நன்றி. வரைபடம் போட்டு மிஸ்ஸிடம் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு ரொம்ப நேரம் பார்த்தார். "ரொம்பவே நல்லா இருக்கு. இருபத்தாறு பேர்ல ஒருத்தர்கூட இறங்கலையா?" என்றார். அப்புறம் வருகைப் பதிவுக்குக் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார். "இதுல யார் இல்லை?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இது எல்லோருமா, அக்கா?

கடுகு


செப்டம்பர் 21

கடுகுக்கு,

நலம்.

எல்லோரும்தான்.

அக்கா


அக்டோபர் 5

அன்புள்ள அக்கா,

உன் இருமல் எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லை. நலம் என்று ஒரு சொல் போட்டிருந்தாய். நானும் நலம். பசி மட்டும் சரியாக இல்லை.

இதைக் கோபப்படாமல் படி. படித்துவிட்டு வேண்டுமானால் கோபப்படு.

உன் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு மாடி அறையை நினைத்துப் பார்த்தேன். ஜன்னல் பக்கத்துப் பெஞ்சில் யார், சுவர்ப் பக்கம் யார் என்று. கண்ணாடி போட்ட பெண் இல்லை. இரட்டையர்கள் இல்லை. பென்சில் கடிப்பவன் இல்லை. இவர்கள் எல்லாம் மதிப்பெண் குறைந்தவர்கள், உன் பெருமைக்காக விட்டுவிட்டாய் என்றுதான் முதலில் நினைத்தேன். மன்னித்துக்கொள்.

அப்புறம் இன்னொருத்தியும் இல்லை என்று கண்டுபிடித்தேன். நான் இல்லை.

ஆறாம் வகுப்பில் முப்பத்தெட்டு வாங்கிவிட்டு உன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். பத்தாம் வகுப்பில் தொண்ணூற்றாறு. உன் டியூஷனுக்கு என்னைவிட நல்ல சாட்சி யார்? பெருமைக்காக ஆள் பொறுக்கியிருந்தால் என் பெயரைத்தான் முதல் வரியில் எழுதியிருப்பாய். எழுதவில்லை. அப்படியானால் நீ மதிப்பெண்ணைப் பார்த்து விடவில்லை. யார் யார் உன்னை விட்டுப் போனார்களோ, அவர்களைத்தான் விட்டுவிட்டாய்.

கடைசிவரை இருந்தவர்கள் மட்டும்தான் உன் பிள்ளைகளா, அக்கா?

நான் மிஸ்ஸிடம் பட்டியல் முழுமையில்லை என்று சொல்லிவிட்டேன். யாருடையது என்று சொல்லவில்லை, "தெரிந்த ஒரு டீச்சர்" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். உன்னைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை குறைவாகச் சொல்ல நான் விடமாட்டேன், அதனால்தான். மாதம் முடிவதற்குள் முழுப் பட்டியல் வந்தால் என் ஆய்வை எடுத்துக்கொள்வார். இல்லாவிட்டால் சாதாரணக் கணக்கு.

உனக்கு மனமில்லை என்றால் அனுப்பாதே. சாதாரணக் கணக்கு வகுப்பிலும் நான் உன் தங்கைதான். அழுதுகொண்டு எழுதவில்லை, அதனால் கவலைப்படாதே. கொஞ்சம்தான் அழுதேன்.

உன் கடுகு


அக்டோபர் 19

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது,

நலம். முழங்கால் நம்ம வண்டி மாதிரிதான், தள்ளிவிட்டா ஓடும். நீ சரியாச் சாப்பிடுறியா?

உங்க அக்கா எழுதல, அதனால நான் எழுதறேன். உன் கடிதம் வந்த அன்னிக்கு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. டியூஷன் பிள்ளைங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டா. நான் போய்க் கதவைத் தட்டினேன். "அவ அங்கயே இருக்கட்டும், அந்தப் பொம்பளையே வளர்க்கட்டும்"னு உள்ளேருந்து சத்தம். "ஏம்மா, வளர்ந்த பிள்ளையை அவங்க எங்க வளர்க்கப்போறாங்க, வளர்த்து முடிச்சவ நீதானே"ன்னேன்.

ரெண்டு நாள் அப்படியே இருந்தா. மூணாவது நாள்லேருந்து சாயங்காலம் ஆனா பையை மாட்டிக்கிட்டு வெளியே கிளம்பிடறா. எங்கேன்னு கேட்டா, நடந்தா உடம்புக்கு நல்லதுங்கிறா. உடம்புக்கு நல்லதுன்னா முகம் ஏன் அப்படித் தொங்குதுன்னு தெரியல. நேத்து என் பஸ்லயே ஏறினா. நான் கண்ணாடியில பார்த்தேன், அவ என்னைப் பார்க்கல. டிக்கெட் எடுத்துட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. பட்டறைத் தெரு தாண்டி, உன் பழைய சிநேகிதி, அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு வீடு இருக்கிற நிறுத்தத்துல இறங்கினா.

என்னமோ நடக்குது. நீ தைரியமா இரு.

அப்பா


அக்டோபர் 24

அன்புள்ள கடுகுக்கு,

இருமல் குறைந்திருக்கிறது, இரண்டு வாரமாகச் சத்தம் போடவில்லை. நீ பசிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். பசிக்காவிட்டாலும் சாப்பிடு. அழுதால் கொஞ்சமாக அழாதே, ஒரே மூச்சில் அழுதுவிட்டு முகத்தைக் கழுவு.

எனக்குப் பொறாமைதான். இதைச் சொல்ல இத்தனை கடிதம் எழுதியிருக்கிறேன். அவள் உன் பக்கத்தில் நிற்கிறாள், நான் தபால் உறைக்குள் இருக்கிறேன். அவளுக்குத் தெரிந்ததை நீ கற்றுக்கொண்டு எனக்குத் திருத்தம் போடுகிறாய். உன்மேலும் பொறாமைதான். எனக்குப் பதினாறு வயதில் அப்படி ஒரு வகுப்பு இருந்திருந்தால் நான் வாசலிலேயே படுத்துக் கிடந்திருப்பேன். உன் கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் என்ன யோசித்தேன் தெரியுமா? பட்டியலை அனுப்பாமல் விட்டால் நீ சாதாரணக் கணக்குக்கு வந்துவிடுவாய். மறுபடி என்னிடம் கேட்பாய். மறுபடி நான் சொல்வேன், விடை ஒன்றே ஒன்றாக இருக்கும். அந்த நினைப்பு எவ்வளவு சுகமாக இருந்தது என்று எழுதினால் நீ என்னை வெறுப்பாய்.

மூன்றாவது நாள் உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். ரொம்ப வேண்டும் என்று ஆகஸ்டில் எழுதியிருந்தாயே, அதையும் எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

விட்டுப் போனவர்கள் பதினைந்து பேர். ஒவ்வொரு வீடாகப் போனேன். கண்ணாடி வீட்டு வாசல்வரை போய்த் திரும்பிவிட்டு, மறுநாள் அப்பா பேருந்திலேயே ஏறிப் போனேன், இறங்காமல் வந்தால் அவருக்குத் தெரிந்துவிடும் என்று. கடைசி மதிப்பெண்ணையும் விட்டுப் போன காரணத்தையும் கேட்டேன். இரட்டையர்களுக்குப் பட்டறைச் சத்தம் தலைவலி. பென்சில் கடிப்பவன் ஏசி போட்ட டியூஷனில் சேர்ந்துவிட்டான். கண்ணாடிதான் நேராகச் சொன்னாள். "நாங்க எந்தக் கணக்கைப் போட்டாலும் 'கடுகு இதைப் போன வருஷமே போட்டுட்டா'ன்னு சொல்லுவீங்கக்கா. எனக்குக் கணக்கு மேல வெறுப்பு இல்லை. கடுகு மேலதான்." அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். ஜூன் மாதத்தில் இருந்து எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பானையைக் கிளறாமல் மேலாக வெந்திருந்த சோற்றைத்தான் உனக்கு அனுப்பியிருந்தேன். இதோ முழுப் பானை. நாற்பத்தொரு பேர். அப்பா காட்டிக்கொடுத்த அந்தக் கதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நானே போட்டும் பார்த்துவிட்டேன். என் டியூஷனால் ஏறுவது பத்தொன்பது இல்லை. ஆறுக்கும் பதினான்குக்கும் நடுவில் எங்கேயோ. பெரும்பாலும். இதை எழுத எனக்கு எவ்வளவு கசந்தது என்பதற்கு மட்டும் ஒரே விடைதான்.

பட்டியலை உன் மிஸ்ஸிடம் கொடு. அவர் கேட்ட கேள்வி சரியான கேள்விதான். அதற்காக அவரை எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்காதே. தொண்டைக்குக் கல் உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளிக்கச் சொல்.

கடைசி வரியில் உன்னை எழுதியிருக்கிறேன். சேர்ந்தபோது முப்பத்தெட்டு, போகும்போது தொண்ணூற்றாறு. போன காரணம் என்கிற கட்டத்தில்தான் பேனா நின்றுவிட்டது. பள்ளி மாறினாள் என்று எழுதி அடித்தேன். நல்ல மிஸ் கிடைத்தாள் என்று எழுதி, அதை இன்னும் பலமாக அடித்தேன். கடைசியில் உள்ளதை எழுதிவிட்டேன். போகவில்லை. நான் அனுப்பினேன்.

அக்கா


நவம்பர் 9

என் அக்காவுக்கு,

நலம், நலம், நலம். நன்றாகப் பசிக்கிறது. இரண்டு தட்டு சாப்பிடுகிறேன். மிஸ் உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார், குரல் வந்துவிட்டது. யார் சொன்ன வைத்தியம் என்று கேட்டார். அப்பாவுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்துவிட்டாயா?

நான் தேறிவிட்டேன். இடம் உறுதி. மூன்று பேரைச் சாதாரணக் கணக்குக்கு மாற்றிவிட்டார்கள். உன் பட்டியலை மிஸ் ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

திங்கள்கிழமை காலை வாசலில் நின்று வழக்கம்போலக் கேட்டார். "யார் இங்க இல்லை?"

எல்லோரும் காலியாக இருந்த மூன்று நாற்காலிகளைப் பார்த்தார்கள். போனவர்களைச் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"எங்க அக்கா இல்லை மிஸ்."

யாரோ ஒருத்தி சிரித்தாள். மிஸ் சிரிக்கவில்லை. "அந்தப் பட்டியல் அவங்களுதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அவர் பதிவேட்டைத் திறந்து எதையோ எழுதிக்கொண்டார்.

"சரி. முதல்ல சொன்னது நீதான். வகுப்பு வழக்கம் தெரியுமில்ல?"

தெரியும் என்றேன்.

அதனால் தாளைத் திருப்பு, அக்கா. திங்கள்கிழமைப் பாடம் பின்பக்கத்தில் இருக்கிறது.

உன் கடுகு